இரவல் நுண்ணோக்கிகள்

பெல்ஜியத்திலிருந்து ஒரு பேராசிரியை கல்லூரியைப் பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டதும் முதல்வர் காசிநாதன் செய்த முதல் காரியம் பந்தல்காரருக்கு ஆள் அனுப்பியது.

"பந்தல் எதுக்குங்க சார்?" என்றார் லீலாவதி. "ஒரே ஒரு ஆளுதான் வர்றாங்க. நம்ம டிபார்ட்மென்ட்டப் பாத்துட்டு, பசங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிருவாங்க."

"ஒரு ஆளு வந்தாலும் இன்ஸ்பெக்ஷன் கமிஷன் கமிஷன்தாம்மா. வெயில்ல நிக்க வெச்சா ரிப்போர்ட்டுல காட்டிருவாங்க."

"கமிஷன் இல்லைங்க சார். நிதி கேட்டுப் போடற விண்ணப்பத்துல நமக்குக் கூட்டாளி."

"கூட்டாளிக்கு மட்டும் மண்டை காயாதா?"

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையில் இருந்தது அந்தத் தனியார் கலை அறிவியல் கல்லூரி. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இருந்ததால் நிலவியல் பட்டப்படிப்பும் வைத்திருந்தார்கள். அந்தத் துறைக்குத் தலைவர் லீலாவதி. ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். துறையில் இன்னொரு விரிவுரையாளரும் உண்டு. அரசு வேலை கிடைத்ததும் போய்விடுவதாக அவர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

வரப்போகிற பேராசிரியையின் பெயர் மார்லீன். முன்பொருமுறை காரை கிராமத்து ஓடைகளில் கல்லாய்ப் போன கடல் நத்தைகளைத் தேடி வந்தபோது, வழிகாட்ட ஆள் வேண்டுமென்று விசாரித்து லீலாவதியைப் பிடித்தார். வெயிலில் ஒரு பகல் முழுக்க இருவரும் ஓடை ஓடையாக இறங்கி ஏறினார்கள். அதற்குப் பிறகு மின்னஞ்சல் தொடர்ந்தது. 2003 மழைக்காலத்தில் மார்லீன் ஒரு யோசனை எழுதினார். ஐரோப்பியக் கல்லூரிகளும் ஆசியக் கல்லூரிகளும் சேர்ந்து வேலை செய்வதற்கு ஐரோப்பிய ஆணையம் ஆசியா-லிங்க் என்ற திட்டத்தில் நிதி தருகிறது. சுண்ணாம்புக்கல் எடுத்து முடித்த பள்ளங்களையும் அவற்றைச் சுற்றிய நிலத்தடி நீரையும் என்ன செய்வது என்று கற்றுத்தரும் ஒரு படிப்பை உருவாக்கலாமா? பெல்ஜியத்தில் மார்லீனின் பல்கலைக்கழகம், போர்ச்சுகலில் ஒன்று, வியட்நாமில் ஒரு கல்லூரி, அரியலூரில் இந்தக் கல்லூரி. ஆசியாவில் இருக்கும் இரண்டு கல்லூரிகளுக்கும் ஆளுக்கொரு ஆய்வுக்கூடம்.

கடைசி வாக்கியத்தை, அரியலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில், லீலாவதி மறுபடி மறுபடி படித்தார்.

பாறையை நுண்ணோக்கியில் பார்ப்பது தனிக்கலை. கல்லைத் தாளைவிட மெல்லிய சீவலாகத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டி, சுழலும் தட்டில் வைத்துத் திருப்பினால் ஒவ்வொரு கனிமமும் தன் நிறத்தைக் காட்டிக்கொடுக்கும். கல்லூரியில் அப்படிப்பட்ட நுண்ணோக்கி ஒன்றுதான் இருந்தது. அதன் தட்டு, விரலால் தள்ளினால் நகரும். சில நாள் அதுவும் நகராது. எனவே லீலாவதி கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் வட்டம் போட்டு உள்ளே கனிமங்களை வரைவார். மாணவர்கள் சாக்பீஸ் நிறங்களை மனப்பாடம் செய்து பட்டம் வாங்கினார்கள். போன வருடம் செய்முறைத் தேர்வுக்குத் திருச்சிக்குப் போனபோது ஒரு பெண் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து, எந்தக் கண்ணை மூடிக்கொள்வது என்று தேர்வாளரைக் கேட்டாள். தேர்வாளர் சிரித்தார். வாசலில் நின்றிருந்த லீலாவதி சிரிக்கவில்லை. ஓர் ஆய்வுக்கூடம் வந்தே ஆகவேண்டும் என்று அவர் முடிவு செய்தது அன்றைக்குத்தான். அதற்கு வழி ஒன்று இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே.

மார்லீன் வருவதற்கு முந்தின நாள் கல்லூரிக்குள் ஒரு வேன் வந்து நின்றது. பெரம்பலூருக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு தனியார் கல்லூரியின் வேன். ஓட்டுநர் கொளஞ்சியப்பன் பின்கதவைத் திறந்தார். வைக்கோல் பரப்பி, அதன்மேல் போர்வை விரித்து, வரிசையாக நுண்ணோக்கிகள்.

"நம்ம இராமலிங்கம் அனுப்பியிருக்காரு," என்றார் காசிநாதன். இராமலிங்கம் அந்தக் கல்லூரியின் முதல்வர்; காசிநாதனோடு ஒரே விடுதியில் படித்தவர். "போன வருஷம் அவருக்கு அஃபிலியேஷன் கமிஷன் வந்தப்ப நம்ம லைப்ரரி அலமாரி அப்படியே புத்தகத்தோட போச்சா இல்லையா? அது மாதிரிதான்."

"சார், இவங்க கமிஷன் இல்லைங்கன்னு..."

"லீலாவதி, நான் சொல்றதக் கேளுங்க. வெறும் மேசையக் காட்டுனா அந்தம்மா என்ன நெனைக்கும்? கல்லூரியே இல்ல, கல்யாண மண்டபம்னு நெனைக்கும். பொருள் இருக்கற எடத்துக்குத்தான் பொருள் வரும்."

லீலாவதி பார்த்த கமிஷன்கள் எல்லாமே அப்படித்தான் வந்து, அப்படித்தான் பார்த்து, அப்படித்தான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன. நுண்ணோக்கிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். மெல்லிய துணியால் ஒவ்வொன்றையும் துடைத்தார். அத்தனை நல்ல கருவிகளை அவர் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் மார்லீனுக்குச் சந்தனம், பன்னீர், பொன்னாடை, கையில் ஒரு எலுமிச்சம்பழம். பழத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பகல் முழுக்கக் கையிலேயே வைத்திருந்தார். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு ஒருவராக மாணவர்கள் விறைத்து நின்றார்கள். எதையும் தொடக்கூடாது என்பது முதல்வரின் உத்தரவு. மார்லீன் ஒன்றில் குனிந்து பார்த்தார், தட்டைத் திருப்பினார், நிமிர்ந்து, "மிக நன்றாக இருக்கிறது," என்றார். காசிநாதன் லீலாவதியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மத்தியானம் பிரியாணி. மாலையில் மார்லீன் திருச்சிக்குக் கிளம்பியதும் வேன் பெரம்பலூருக்குக் கிளம்பியது.

பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. மார்லீன் அன்பாகத்தான் எழுதியிருந்தார். உங்கள் ஆய்வுக்கூடத்தைப் பார்த்து வியந்தேன். எங்கள் மாணவர்களுக்குக்கூட இவ்வளவு புதிய கருவிகள் இல்லை. விண்ணப்பத்தை மதிப்பிடுகிறவர்கள், ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு மறுபடி எதற்கு என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியால் மொத்த விண்ணப்பமும் விழுந்துவிடும். எனவே ஆய்வுக்கூடம் வியட்நாம் கல்லூரிக்கு மட்டும். உங்கள் கல்லூரி ஆலோசனைக் கூட்டாளியாக இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு கருத்தரங்கு நடத்தலாம். விண்ணப்பம் மார்ச் நடுவில் பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேர வேண்டும், விரைவில் சம்மதம் தெரிவியுங்கள்.

லீலாவதி அச்செடுத்துக் கொண்டுபோய் முதல்வர் மேசையில் வைத்தார். காசிநாதன் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா! வியந்தேன்னு எழுதியிருக்காங்க. நோட்டீஸ் போர்டுல போடலாம்."

"கீழ படிங்க சார்."

கீழே படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டு அதே வரிகளைப் படித்தார்.

"நம்மூருல இது மாதிரி எங்கயும் நடந்ததில்லையேம்மா," என்றார் கடைசியில், நிஜமான திகைப்போடு. "இருக்குன்னு காட்டுனா குடுப்பாங்க. இருக்குங்கறதுக்காகக் குடுக்காம விடுவாங்களா?"

"உண்மைய எழுதிடறேன் சார்."

"எழுதி? பொய் சொன்ன கல்லூரின்னு பிரஸ்ஸல்ஸ் வரைக்கும் நாறட்டுமா? கரஸ் ஒத்துக்கவே மாட்டாரு."

கரஸ் என்று எல்லோரும் சொல்லும் கரஸ்பாண்டென்ட் நஜீமுதீன், லப்பைக்குடிக்காட்டுக்காரர். ஷார்ஜாவில் கடை வைத்துச் சம்பாதித்துத் திரும்பியவர். ஊர்ப் பெண்கள் திருச்சிக்குப் போய்ப் படிக்க வீட்டில் விடுவதில்லை என்பதால், திருச்சி போகாமலே படிக்கட்டும் என்று இந்தக் கல்லூரியைத் தொடங்கினார். விண்ணப்பத்தில் கல்லூரி சார்பாகக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். கல்லூரியைப் பற்றி யாராவது குறை சொன்னால் அவருக்கு முகம் சிவந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை லீலாவதி லப்பைக்குடிக்காட்டுக்குப் புறப்பட்டார். எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. பக்ரீத் முடிந்த வாரம். நஜீமுதீன் வீட்டில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களின் பெட்டிகள் இன்னும் கூடத்தில் கிடந்தன. அவர் மனைவி ஜைனம்பு தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

லீலாவதி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். வேன் வந்தது நஜீமுதீனுக்குத் தெரியும். அது யாருடைய யோசனை என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. மின்னஞ்சலைப் படித்ததும்தான் முகம் மாறியது.

"இப்ப என்ன செய்யணுங்கறீங்க டீச்சர்?"

"அதெல்லாம் எரவல்னு எழுதணும் சார். நம்மகிட்ட ஒன்னுதான் இருக்கு, அதுவும் சரியா வேலை செய்யலைன்னு."

"நான் ஏமாத்துக்காரன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்படித்தானே?"

"ஏமாத்தணும்னு யாரும் செய்யலைங்க. கமிஷனுக்குச் செய்யறதச் செஞ்சோம். அவங்க கமிஷனா வரல, நம்மளோட சேந்து வேலை பாக்க வந்தாங்க. அதான் தப்பாப் போச்சு."

"வேணாம். கருத்தரங்கு நடத்தறதுக்குக் கூப்புடறாங்கள்ல? அதுவே கௌரவந்தான். விட்டுருங்க."

"விட முடியாதுங்க சார்."

நஜீமுதீன் நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லும் ஊழியர்கள் கல்லூரியில் இல்லை.

"கருத்தரங்குக்குப் பந்தல் போடலாம், சாப்பாடு போடலாம். பசங்க பரீட்சைக்குத் திருச்சிக்குப் போயி எந்தக் கண்ண மூடணும்னுதான் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. நீங்க வேணாம்னா நான் விண்ணப்பத்துலேருந்து விலகிக்கறேன்னு எழுதறேன். ஆனா ஏன்னு காரணத்தையும் எழுதுவேன்."

"வேலை போயிரும்னு பயமில்லையா?"

"இருக்குங்க. பெரம்பலூர்ல பஸ் நின்னப்ப எறங்கித் திரும்பிரலாமான்னு பாத்தேன்."

கதவோரத்திலிருந்து ஜைனம்பு சிரித்தார். "ஏங்க, உங்க சின்ன மாமு மகளப் பொண்ணு பாக்க வந்தப்ப என் வளையலப் போட்டுத்தானே உக்கார வெச்சாங்க? நெனவு இருக்கா?"

"அது எதுக்கு இப்ப?"

"மாப்புள வூட்டுக்காரங்க என்ன சொன்னாங்க? பொண்ணுக்கு ஏகப்பட்ட நகை இருக்கு, நாங்க ஒன்னும் போட வேணாம்னுட்டாங்க. நிக்காஹ் முடிஞ்ச மறுநாளு நான் வளையலக் கேக்கவும் முடியல, கேக்காம இருக்கவும் முடியல. அதே கதைதான். டீச்சரு சொல்றதுல என்ன தப்பு?"

"நீ சும்மா இரு," என்றார் நஜீமுதீன். ஆனால் குரலில் பழைய இறுக்கம் இல்லை. தேநீரை முழுதாகக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து தொலைபேசியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"நம்பர் சொல்லுங்க. எழுதுனா ஆயுசுக்கும் இருக்கும். நான் வாயாலயே சொல்லிடறேன்."

அவர் ஆங்கிலம் ஷார்ஜாவில் கடையில் கற்றது, சுற்றி வளைக்காது. "மேடம், நீங்கள் பார்த்தது எங்கள் பொருள் இல்லை. சிநேகிதர் பொருள். எங்கள் பழக்கம் அப்படி. எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. எங்கள் டீச்சருக்கு அதைவிட வெட்கம்," என்றார். பிறகு மார்லீன் பேசினார். நஜீமுதீன் கேட்டுக்கொண்டே நின்றார், நெற்றியில் வியர்த்தது. ரிசீவரை வைத்துவிட்டு லீலாவதியிடம் திரும்பினார்.

"கோவமாத்தான் இருக்காங்க. ஒரு தடவை காட்டுனது பொய்னா இப்ப சொல்றத எப்படி நம்பறதுன்னு கேக்கறாங்க. நியாயந்தானே? போர்ச்சுகல்காரரு ஒருத்தரு வேற வேலையா மெட்ராஸ் வர்றாராம். அவரு நேர்ல வந்து பாத்துட்டு என்ன சொல்றாரோ அதுதான் முடிவாம். நமக்கு வெச்ச எடம் அதுவரைக்கும் காலியா இருக்குமாம்."

"போதுங்க சார்," என்றார் லீலாவதி.

"இன்னொன்னு சொன்னாங்க. வரவேற்பு கிடையாதாம். எலுமிச்சம்பழம்கூட வேணாமாம்."

போர்ச்சுகல்காரரின் பெயர் ரூயி. அவர் வருகிற நாளில் பந்தல் இல்லை, வாழைமரம் இல்லை. வெறிச்சென்றிருந்த வாசலைப் பார்க்கக் காசிநாதனுக்கு மனம் ஆறவில்லை. "சாவு வூட்டுக்குக்கூட ரெண்டு பெஞ்சு போடுவாங்க," என்று முணுமுணுத்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ரூயியை அழைத்துவர நஜீமுதீனே காரை எடுத்துக்கொண்டு அரியலூர் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார்.

லீலாவதி வாசலில் காத்திருந்தபோது சாலையில் ஒரு வண்டி திரும்பியது. கார் இல்லை, வேன். கொளஞ்சியப்பன் தலையை வெளியே நீட்டி வணக்கம் போட்டார்.

"எதுக்குண்ணே வந்தீங்க?"

"எங்க பிரின்ஸ்பால் ஐயா அனுப்புனாருங்க. வெள்ளைக்காரங்க மறுபடி வர்றாங்களாம்ல? உங்க ஐயா போன்ல பேசுனப்ப தெரிஞ்சுதாம். கேக்காட்டியும் நாமளாச் செய்யணும், அதான் சிநேகிதம்னு சொல்லி ஏத்திவுட்டாரு. இந்தத் தடவை சுவத்துல மாட்டற படம்கூட இருக்குங்க."

லீலாவதி காசிநாதனைப் பார்த்தார். "நான் கேக்கலம்மா," என்றார் அவர். "வர்றாங்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

"வண்டியத் திருப்புங்கண்ணே."

"எறக்கிட்டு..."

"எறக்கக் கூடாது. இப்பவே திருப்புங்க." லீலாவதி வேனின் முன்னால் போய் நின்றுகொண்டார். "உள்ள போறதா இருந்தா என்மேல ஏத்திட்டுப் போங்க."

"அய்யய்யோ, என்ன டீச்சர்!" கொளஞ்சியப்பன் பதறிப்போய் பின்னால் எடுத்தார். வாசல் குறுகல். பாதி திரும்பியதும் வேன் குறுக்கே நின்றுகொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. அந்த நேரத்தில்தான் நஜீமுதீனின் கார் வந்து வேனுக்கு முன்னால் நின்றது.

ரூயி இறங்கினார். உயரமான, தோள் கூனிய மனிதர். ரயிலில் கசங்கிய சட்டை. வழியை மறித்து நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு, என்ன இது என்பதுபோல் எல்லோரையும் பார்த்தார்.

"காய்கறி," என்றார் காசிநாதன் ஆங்கிலத்தில், கண நேரம்கூட யோசிக்காமல். "ஹாஸ்டலுக்கு."

கல்லூரியில் ஹாஸ்டலே கிடையாது.

லீலாவதி வாயைத் திறப்பதற்குள் நஜீமுதீன் வேனின் பின்பக்கம் போய்விட்டார். தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தார். வைக்கோலும் போர்வையும் நுண்ணோக்கிகளும் வெயிலில் தெரிந்தன.

"காய்கறி இல்லை," என்றார். அவர் முகம் நன்றாகவே சிவந்திருந்தது. "உங்கள் மேடம் போன மாதம் பார்த்தது இவற்றைத்தான். இதோ, அந்தக் கல்லூரிப் பெயர் எழுதியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நாங்கள் இன்றைக்குக் கேட்கவில்லை. அவர்களாக அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் மானத்தைக் காப்பாற்ற."

ரூயி குனிந்து பெயரைப் படித்தார். நிமிர்ந்தபோது அவர் உதடு துடித்துக்கொண்டிருந்தது; சிரிப்பை அடக்குகிறார் என்று லீலாவதிக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"நல்ல கருவிகள். பத்திரமாகத் திருப்பி அனுப்புங்கள்," என்றார் ரூயி. பிறகு லீலாவதியிடம், "உங்களுடையதைக் காட்டுங்கள்."

ஆய்வுக்கூடத்தில் மேசைகள் வெறுமையாக இருந்தன. கரும்பலகையில் பாதி வரைந்த வட்டம். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அன்று நிஜமாகவே செய்முறை வகுப்பில் இருந்தார்கள். ஒற்றை நுண்ணோக்கியின் முன்னால் ஆர்த்தி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். சுரங்கத்தை ஒட்டிய ஊர்க்காரி. ரூயி அவள் பக்கத்தில் போய் நின்று, என்ன தெரிகிறது என்று கேட்டார். ஆர்த்தி குனிந்தாள். திருகை ஏற்றினாள், இறக்கினாள். லீலாவதியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ளதைச் சொல்லு," என்றார் லீலாவதி.

"ஒன்னும் தெரியல மிஸ். என் கண்ணு முடிதான் தெரியுது."

லீலாவதி அதை அப்படியே மொழிபெயர்த்தார். மாணவர்கள் சிரித்தார்கள், ஆர்த்தியும் சிரித்தாள். ரூயி சிரிக்கவில்லை. தன் கைக்குட்டையால் கண்வில்லையைத் துடைத்து, குனிந்து பார்த்து, தட்டை நகர்த்த முயன்றார். நகரவில்லை. வலுவாகத் தள்ளினார். கிறீச்சென்று கொஞ்சம் நகர்ந்தது. அப்புறம் கரும்பலகையின் வட்டத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதை யார் வரைந்தது?"

"நான்."

"நிறங்கள் சரியாக இருக்கின்றன," என்றார். "இதைச் செய்யத் தெரிந்த நீங்கள் ஏன் அதைச் செய்தீர்கள்?" சன்னல் வழியாகக் கையைக் காட்டினார். வேன் இன்னும் வாசலில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

லீலாவதி மன்னிப்புக் கேட்கத் தயாராக வந்திருந்தார். அந்த வாக்கியங்களைப் பஸ்ஸிலேயே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்திருந்தார். வாயில் வந்தது வேறு. "எங்களைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அது இருக்கிறதா, இது இருக்கிறதா என்று கேட்கத்தான் வருவார்கள். இல்லை என்றால் மூடிவிடுவார்கள். என்ன இல்லை என்று கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. மார்லீன் அதற்காகத்தான் வந்தார் என்று எங்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்திருக்க வேண்டும்."

மத்தியானம் லீலாவதி ரூயியை ஆர்த்தியின் ஊருக்கு அழைத்துப்போனார். கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பள்ளம் ஒன்றில் பச்சைத் தண்ணீர் நின்றது. கரையில் ஆடுகள் மேய்ந்தன. பள்ளத்தை அடுத்த கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடி இறங்கியிருக்கிறது, சுவை எப்போது மாறியது என்று ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்; யாரும் அளந்து பார்த்ததில்லை. அளக்க வேண்டியது என் மாணவர்கள்தான், அளக்க எதுவும் இல்லை என்றார் லீலாவதி. அதற்குமேல் கெஞ்சவும் இல்லை, விளக்கவும் இல்லை.

ரயில் ஏறும்போதும் ரூயி எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. காசிநாதன் மட்டும் நடைமேடையில் நின்று, "சார், இரண்டு கல்லூரி இப்படிப் பொருளைக் கொடுத்து வாங்குகிறதே, அதுவும் ஒத்துழைப்புதானே?" என்று கேட்டுவிட்டார். ரயில் கிளம்பும்வரை ரூயி சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க லீலாவதி தினமும் வகுப்பு முடிந்ததும் பிரௌசிங் சென்டருக்குப் போனார். வெள்ளிக்கிழமை மார்லீனின் பதில் இருந்தது. அன்பான வார்த்தைகள் இந்தமுறை இல்லை. கல்லூரி முழுக் கூட்டாளியாகத் தொடரலாம். ஆய்வுக்கூடமும் உண்டு, ஆனால் கருவிகள் இரண்டாம் ஆண்டில்தான், முதல் ஆண்டின் வேலையைப் பார்த்த பிறகு. மதிப்பீட்டாளர்கள் என்ன முடிவெடுப்பார்கள் என்பது என் கையில் இல்லை. துறையின் இன்றைய நிலையை நீங்களே எழுத வேண்டும். என்ன இல்லை என்பதை மறைக்காமல் எழுதுங்கள். அதன் அடியில் உங்கள் கரஸ்பாண்டென்ட் கையெழுத்திட வேண்டும்.

லீலாவதி அன்றே எழுத உட்கார்ந்தார். "குறைகள்" என்ற தலைப்பின் கீழ் எழுதிப் பழக்கமில்லாத கை. முதல் முயற்சியில் எல்லாக் குறையும் கொஞ்ச நேரத்தில் நிறையாகவே மாறிவிட்டது. போதிய அளவில் விரிவாக்கத்துக்கு வாய்ப்புள்ள கூடம் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கிழித்தார். மறுபடி எழுதினார். வேலை செய்யும் நுண்ணோக்கி இல்லை. நீரைச் சோதிக்கும் கருவி எதுவும் இல்லை. மாணவர்கள் கரும்பலகைப் படத்தைப் பார்த்துக் கற்கிறார்கள். எழுதி முடித்ததும், அவமானமாக இருக்கும் என்று நினைத்தது அவ்வளவாக இல்லை.

திங்கட்கிழமை நஜீமுதீனின் அறையில் தாளை வைத்தார். காசிநாதனும் இருந்தார். நஜீமுதீன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க சார்."

"பொண்ணுங்களுக்கு ஓய்வறை இல்ல. எழுதுனீங்களா?"

"அது நிலவியல்ல வராதுங்க."

"லைப்ரரில புத்தகம் பத்தாது. பஸ்ஸு பத்தாது." பேனாவால் ஓரத்தில் குறிக்கத் தொடங்கியிருந்தார். சொல்லச் சொல்ல அவர் குரல் உற்சாகமானது. "தண்ணி டேங்க் ஒழுகுது. கரண்டு போனா ஜெனரேட்டரும் இல்ல. அதையும் சேருங்க."

"ஜெனரேட்டர் இருக்குங்க சார். போன வருஷம் வாங்குனோம்."

"சின்னதுதானே? இல்லைன்னே போடுங்க. இல்லைன்னாத்தானே குடுக்கறாங்க?"

"கரஸ் சொல்றது சரிதான்," என்றார் காசிநாதன் உடனே. "வேணும்னா அவங்க வர்றப்ப ஜெனரேட்டர இராமலிங்கம் காலேஜுக்கு அனுப்பி வெச்சுரலாம்."

லீலாவதி மேசைக்கு மேலாகக் கையை நீட்டித் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஓரத்தில் நஜீமுதீன் குறித்ததில் ஜெனரேட்டரின் மேல் ஒரு கோடு போட்டார். பஸ்ஸின் மேல் ஒன்று, இருக்கிற பஸ் போதும். மற்றதை அப்படியே விட்டார், அது உண்மை. பிறகு தாளைத் திருப்பி அவர் முன்னால் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை ஊன்றினார்.

"இருக்கறது இருக்கு, இல்லாதது இல்ல. இங்க போடுங்க சார். கூரியர்காரங்க கட்டுக் கட்டறதுக்குள்ள நான் திருச்சி போவணும்."

நஜீமுதீன் அவர் விரலைப் பார்த்தார். காசிநாதனைப் பார்த்தார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.